சங்கிலியின் நீளம்

உலான்பாதரின் வடக்குச் சரிவில்
காலை ஒன்பது மணிக்கும் நிலக்கரிப் புகை கலையவில்லை.
பையைத் திறந்தேன். மெழுகு வண்ணக்குச்சிகள்
விறைத்துக் கிடந்தன.
பிள்ளைகள் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்கள்,
வரையுமளவு இளகும்வரை.

என் வேலை சின்னது.
படங்களின் முதுகில் எண் இட வேண்டும்,
ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு அணையாமல் பார்க்க வேண்டும்,
பேச்சை இரவில் தட்டச்சு செய்ய வேண்டும்.
கேள்வி டாக்டர் நர்மந்தாக்குடையது:
வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையுங்கள்.
அவ்வளவுதான்.
அழிரப்பர் கொடுக்கக் கூடாது.

பெரியவர்களிடம் இலையுதிர்காலத்திலேயே கேட்டாயிற்று.
வழியில் என்ன ஆபத்து?
வண்டிகள். வழுக்கும் பனி. தெருவிளக்கு இல்லை.
நாற்பத்தாறு படிவங்கள்,
ஒரே வாய் சொல்லி எழுதியதுபோல.

இப்போது முப்பத்தொரு படங்கள்.
கம்பளிக் கூடாரம், புகைபோக்கி, பலகை வேலி,
தண்ணீர்க் கொட்டகையின் நீலக் கூரை.
பிறகு, சாலையோரம் நெடுக அரைவட்டங்கள்:
வேலியில் எழுந்து வேலியிலேயே விழுபவை.
குன்றுகள் என்று குறித்தேன்.
நிறம் மாறிய இடங்களில் வானவில் என்று குறித்தேன்.
இருபத்திரண்டு வானவில்,
ஜனவரி மாதத்தில்.
டாக்டர் புருவம் உயர்த்தினார். நம்பிக்கையோ, என்றார்.
நானும் எழுதிவைத்தேன்
'நம்பிக்கை',
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

மறுநாள் கதை சொல்லும் நாள்.
பதினேழாம் எண், மரல்மா, ஏழு வயது.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு
காகிதத்தின்மேல் இரண்டு விரலை நடக்கவிட்டாள்.

"இது பச்சைக் கதவு நாய். என் காலால ஆறு எட்டு.
இது காது கிழிஞ்சது. நாலு எட்டுதான், ஆனா
கம்பியில கோத்திருக்காங்க, ஓடும், அதான் நீட்டிப் போட்டேன்.
இது கட்டாதது. எலும்பு போட்டா போதும்,
ஒண்ணும் செய்யாது."

சரி, இந்த வளைவு?

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.
"அது வரைக்கும்தான் அதால வர முடியும்."

வானவில்கள் ஒவ்வொன்றாய் இறங்கி
மேசைமேல் சங்கிலியாய்க் கிடந்தன.
அவற்றின் நடுவே அவள் பாதை,
எந்த விளிம்பிலும் உரசாமல்,
ஒரு விரற்கடை தள்ளி,
வளைந்து வளைந்து பள்ளி மணிவரை.
பிற்பாடு அளவுநாடாவோடு போய் அளந்தோம்.
நான் அளந்ததில்தான் பிசகு; பச்சைக் கதவு நாய்
என்னை ஐந்தாம் எட்டிலேயே திரும்பி ஓட வைத்தது.

கொட்டகைக்கு எதிரே இன்னொரு அரைவட்டம்.
உள்ளே ஒன்றுமில்லை.
நாயை வரைய மறந்துட்டியா, என்று கேட்டேன்.
(கேட்கக் கூடாது. கையேடு, ஒன்பதாம் பக்கம்.)

"அது போன குளிர்லயே செத்துப்போச்சு."

அப்புறம் ஏன் சுத்திப் போறே?

பதிவில் இந்த இடத்தில் பதினொரு விநாடி
அடுப்பில் கரி வெடிக்கும் சத்தம் மட்டும்.

"எல்லாரும் சுத்தித்தான் போறாங்க."

மாலை தண்ணீர்க் கொட்டகைப் பக்கம் போனேன்.
புதுப் பனி.
பெரிய பூட்ஸ்கள், தடியூன்றிய குழிகள்,
தண்ணீர்க் கேன் ஏற்றிய வண்டியின் இரண்டு கோடுகள்,
எல்லாம் அந்த வேலியருகே வந்ததும்
ஒரு வெற்றிடத்துக்கு ஒதுங்கி வழிவிட்டுப் போயிருந்தன.
நாற்பத்தாறு படிவங்களில் எதிலும்
நாய் என்ற சொல் இல்லை.

இரவு அட்டவணையில் புதிதாய் ஒரு பத்தி சேர்த்தோம்.
இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சுழியம்.
பதினேழாம் எண்ணுக்கு எதிரே
அந்த ஒரு கட்டத்தில் மட்டும்
கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது.

கிளம்பும் நாளில் மரல்மா வந்து நின்றாள்.
படம் வேண்டுமாம்.
நகல் தருகிறோம் என்றோம். கறுப்பு வெள்ளை நகல்.
தலையாட்டி மறுத்தாள்.
கம்பியில் ஓடுவது சிவப்பு, ஓடாதது பழுப்பு,
நகலில் எப்படித் தெரியும்?
செப்டம்பரில் தம்பி ஒன்றாம் வகுப்பு.
அவன் எட்டு சின்னது வேறு,
எல்லாவற்றையும் திரும்ப எண்ண வேண்டும்.

நகலை நாங்கள் வைத்துக்கொண்டோம்.